மூன்று நாள் நகருக்கு, ஒரு நாள் கடலுக்கு

தீவுகளில் குடியேறி வாழும் நம்மவர்க்கு 'ஊர்' என்னும் சொல் இரண்டு பொருள் தருவது. கடலுக்கு அப்பால் இராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ இருக்கும் முன்னோர் ஊர் ஒன்று. நாம் அடுப்பு மூட்டி, பிள்ளைகளை வளர்த்து வாழும் இந்தத் தீவுக் குடியிருப்பு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. அதற்கு நாம் ஊர் என்ற பெயரைத் தருவதில்லை. 'டவுன்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் பூண்டிருக்கும் நகரமே அது. சான்றிதழ் வாங்குவதற்கும், மருத்துவரைக் காண்பதற்கும், சென்னைக் கப்பலைப் பிடிப்பதற்கும் அங்கே செல்கிறோம். காரியம் முடிந்தவுடன் திரும்பிவிடுகிறோம். அந்நகரைப் பார்த்திருக்கிறீர்களா என்று யாரேனும் வினவினால், "எத்தனையோ தடவை போயிருக்கிறோமே" என்று விடையிறுக்கிறோம். போவது வேறு, பார்ப்பது வேறு அன்றோ?

எங்கள் வாழ்விடம் லாங் ஐலண்ட். நடு அந்தமானுக்குக் கிழக்கே, ரங்கத் வட்டத்தைச் சேர்ந்த சிறிய தீவு இது. நகரிலிருந்து கடல்வழியே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இங்கே பஸ் இல்லை; கார் இல்லை. வீட்டிலிருந்து ஜெட்டிக்கும், ஜெட்டியிலிருந்து கடைக்கும் எங்கள் கால்களே எங்களுக்கு வாகனம். சென்ற டிசம்பர் மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையின்போது, எங்கள் குடும்பத்தார் ஐவரும் நகருக்குச் சென்று வந்தோம். அந்தப் பயணத்தை எவ்வாறு வகுத்துக்கொண்டோம் என்பதையே இங்கு எழுதுகிறோம். ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர், ஹட் பே முதலிய இடங்களில் வாழும் அன்பர்களுக்கும் இது ஓரளவு பயன்படும் என்று எண்ணுகிறோம்.

பயணத்திற்குக் காரணங்கள் இரண்டு. எங்கள் தாயாருக்கு எழுபத்தேழு வயது. கண்ணில் புரை படர்ந்திருக்கிறது. அதனை நகர மருத்துவரிடம் காட்ட வேண்டியிருந்தது. பதினோராம் வகுப்பில் பயிலும் எங்கள் மகள் இன்னும் ஓராண்டில் நகரில் தங்கிக் கல்லூரியில் சேரவேண்டியவள். அவளுக்கு அந்த இடத்தைப் பழக்கிவைக்க வேண்டும் என்பது மற்றொரு காரணம். இவ்விரண்டையும் தனித்தனியே செய்தால் இருமுறை செலவாகும். ஒன்றாகச் செய்து, மிஞ்சும் பொழுதில் நகரையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் கண்டுவரலாம் என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்த அன்றிரவே மகள் ஒரு தாளில் பதினொரு இடங்களை எழுதிவிட்டாள். செல்லுலார் சிறை, ராஸ் தீவு, வைப்பர் தீவு, வண்டூர், சிடியா டாப்பு, பாராடாங் சுண்ணாம்புக் குகை, ஹேவ்லாக் என்று பட்டியல் நீண்டது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு ஆசை ஒன்றுதான்: ஆட்டோவில் ஏறவேண்டும். எங்கள் தீவில் அது கிடையாதன்றோ! தாயாரிடம் கேட்டோம். அவர்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "உங்க அப்பா வெட்டின மரமெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்துச்சோ, அந்த இடத்தை ஒரு தடவை பார்க்கணும்" என்றார்கள்.

இதன் பொருளைச் சற்று விளக்குதல் நலம். எங்கள் தாயார் 1966-ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புதுமணப்பெண்ணாகக் கப்பலேறி வந்தவர்கள். தந்தையார் முன்னரே வந்து, காட்டில் மரம் வெட்டும் வேலையில் அமர்ந்திருந்தார். அக்காலத்தில் இத்தீவுகளுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பலருக்கும் காடே பிழைப்பைத் தந்தது. வெட்டிய மரங்களை யானைகள் கரைக்கு இழுத்துவரும். அங்கிருந்து அவை கடல்வழியே சாத்தம் மர அறுவை ஆலைக்குச் செல்லும். தந்தையார் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. தாயார் அதற்குள் பலமுறை நகருக்குப் போயிருக்கிறார்கள். மருத்துவமனை வரிசையையும் பயணச்சீட்டு வரிசையையும் அன்றி வேறொன்றையும் அவர்கள் கண்டதில்லை.

பதினொரு இடங்கள் ஒரு புறம். ஒரே ஒரு விருப்பம் மறு புறம். கையிலிருக்கும் நாட்களோ மூன்று. என்ன செய்வது?

கப்பலில் பணிபுரியும் எங்கள் உறவினர் ஒருவர், மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டாத் தீவைப் பற்றி முன்பு சொல்லியிருந்தார். அந்நாட்டின் முதன்மைத் தீவு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நீளமே உடையது. வருவோர் தலைநகராகிய வல்லெட்டாவில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, காலையில் பஸ் ஏறி எந்த மூலைக்கும் போய், இரவுச் சாப்பாட்டிற்குத் திரும்பிவிடலாமாம். கோஸோ என்ற பக்கத்துத் தீவுக்குங்கூடப் படகில் சென்று மாலையில் மீளலாமாம். ஓரிடத்தில் தங்கி, நாள்தோறும் ஒரு திசையில் சென்று திரும்பும் இம்முறை நல்ல முறைதான். எனினும் நம் தீவுகளின் அளவு வேறு. திக்லிப்பூரிலிருந்து நகரத்திற்குச் சாலைவழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஹேவ்லாக்கிற்குக் கடலைக் கடந்தே செல்லவேண்டும். வரைபடத்தில் விரற்கடை அளவாகத் தோன்றும் தொலைவு, இங்கே ஒரு பகற்பொழுதை விழுங்கிவிடும். ஆதலின் மால்ட்டா முறையை எடுத்துக்கொண்டு, அதற்கு நம் தீவுகளின் அளவுக்கேற்ற எல்லை ஒன்று வகுத்தோம். காலையில் சென்று பகல் ஒரு மணிக்குள் திரும்ப இயலாத இடம் எதுவும் இம்முறை வேண்டாம் என்பதே அந்த எல்லை. எழுபத்தேழு வயதினர் ஒருவர் உடன் வரும்போது அதற்குமேல் ஆசைப்படுதல் தகாது.

பின்னர் ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்தோம். முதற்பத்திக்கு 'செய்தே ஆகவேண்டியவை' என்றும், இரண்டாவதற்கு 'இயன்றால் செய்யலாம்' என்றும், மூன்றாவதற்கு 'அடுத்த முறை' என்றும் பெயரிட்டோம். கண் மருத்துவர், கல்லூரி, சாத்தம் ஆலை ஆகிய மூன்றும் முதற்பத்தியில் அமர்ந்தன. செல்லுலார் சிறையும் ராஸ் தீவும் இரண்டாவதில் ஏறின. ஹேவ்லாக், பாராடாங், வண்டூர் எல்லாம் மூன்றாவதற்குப் போயின. மகளுக்கு முதலில் முகம் வாடிற்று. "ஹேவ்லாக் போகாமல் யாராவது திரும்புவார்களா?" என்றாள். "கடலும் மணலும் பார்க்கவா டவுனுக்குப் போகிறோம்? நம் லாலாஜி விரிகுடாவில் அவை இல்லையா?" என்று கேட்டோம். அவள் சிரித்துவிட்டாள். சென்னையிலிருந்து விமானத்தில் வருவோர்க்கு வெண்மணற் கரை அருமை. நமக்கு அருமையானவை வேறு.

எவ்வழிச் செல்வது என்பது அடுத்த கேள்வி. எங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. அலையாத்திக் காடுகளின் ஊடே படகில் எரட்டாவுக்குச் சென்று, அங்கிருந்து ரங்கத் போய், பஸ் ஏறி அந்தமான் நெடுஞ்சாலை வழியே தெற்கே இறங்குவது ஒன்று. ரங்கத்திலிருந்து நகரம் வரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஹம்ப்ரி நீரிணையின் மேல் இப்போது பாலம் அமைந்துவிட்டது. மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டிகளை இன்னும் படகில் ஏற்றித்தான் கடத்துகிறார்கள். அங்கிருந்து ஜிர்காட்டாங் வரை ஜாரவா மக்களின் காட்டு எல்லை. குறித்த நேரத்தில், வரிசையாக, காவலுடன் மட்டுமே வண்டிகள் செல்லலாம். இடையில் நிற்கலாகாது, படம் எடுக்கலாகாது, எதையும் கொடுக்கலாகாது என்பது சட்டம். பிள்ளைகளோடு அவ்வழியே செல்வோர் இதனை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவைத்தல் கடமை. அந்தக் காடு அம்மக்களின் வீடு. பிறர் வீட்டு வாசலைக் கடந்து போகும்போது உள்ளே எட்டிப் பார்ப்பது நம் மரபன்று.

மற்றொரு வழி கப்பல். ரங்கத்துக்கும் நகருக்கும் இடையே செல்லும் அரசுக் கப்பல் சில நாட்களில் எங்கள் ஜெட்டியிலும் நிற்கிறது. ஹேவ்லாக் வழியாகச் செல்லுவதால் பகலின் பெரும்பகுதி கடலிலேயே கழியும். ஆனால் தாயார் கால் நீட்டி உட்காரலாம், எழுந்து நடக்கலாம். தீவுவாசிக்குரிய அடையாள அட்டை உடையவர்களுக்குக் கட்டணமும் மிகக் குறைவு. ஆதலின் போகவும் வரவும் கப்பல் என்று தீர்மானித்தோம். அட்டைகளையெல்லாம் ஓர் உறையில் இட்டு, தாயாரின் இடுப்புப் பையில் வைத்தோம். அதைவிடப் பத்திரமான இடம் எங்கள் வீட்டில் இல்லை.

திட்டத்தின் முதன்மையான பகுதி இனித்தான் வருகிறது. மூன்று நாள் நகரில் தங்குவதென்றால், நான்கு நாட்களுக்குப் பணமும் மருந்தும் துணியும் கொண்டுசெல்ல வேண்டும். அந்த நான்காம் நாள் கடலுக்கு உரியது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரையே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நாங்களோ பள்ளி விடுமுறையை நோக்கி டிசம்பர்க் கடைசியைத் தேர்ந்தோம். காற்று பலத்தால் கப்பல் நின்றுவிடும் என்பது தீவில் வாழும் யாவரும் அறிந்ததே. எனவே திரும்பும் நாளின் மறுநாளில் எந்த அலுவலையும் வைத்துக்கொள்ளவில்லை.

கதிரவனையும் கணக்கில் சேர்த்தோம். இந்தியாவின் நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. நாமோ 92, 93 பாகைகளுக்கு இடையில் இருக்கிறோம். ஆதலால் நம் கதிரவன் கடிகாரத்திற்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறான். டிசம்பர்க் கடைசியில் காலை ஆறு மணிக்கு முன்னரே நன்றாக விடிந்துவிடுகிறது. மாலை ஐந்து மணியைச் சற்றே கடந்ததும் இருளத் தொடங்குகிறது. சென்னையைப் போல் மாலையில் ஊர் சுற்றலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். காலையில் முன்னதாகப் புறப்படுதல், நண்பகலில் ஓய்வு, இருட்டுமுன் திரும்புதல் என்பதே தீவுக்கேற்ற ஒழுங்கு.

தங்குமிடம் பற்றி வீட்டில் சிறு விவாதம் நடந்தது. நகரில் எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பத்துடன் இருக்கிறார். "நம் வீடு இருக்கும்போது லாட்ஜா?" என்று தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். அவர் வீட்டில் இரண்டே அறைகள், பிள்ளைகள் மூவர். ஐவராகச் சென்று மூன்று நாள் இறங்கினால், அவர்களுடைய அன்புக்கும் சிரமம், நம்முடைய ஓய்வுக்கும் சிரமம். ஆகவே அபர்தீன் பஜாருக்கு அருகில் ஒரு விடுதியில் முன்கூட்டியே இரண்டு அறைகள் பேசிவைத்தோம். அண்ணன் வீட்டிற்கு ஒருநாள் மதியச் சாப்பாட்டிற்கு வருவதாகச் சொன்னோம். ஒரு வாழைத்தாரும், உலர்ந்த பாக்கும், எங்கள் தோட்டத்துத் தேங்காய் பத்தும் கொண்டுசென்றோம். கோபம் தேங்காயோடு உடைந்தது. உறவும் தளரவில்லை, உறக்கமும் கெடவில்லை.

செலவுகளை நான்கு உறைகளில் பிரித்து வைத்தோம்: மருத்துவம், விடுதி, சாப்பாடும் வண்டியும், கடலுக்குரிய நாள். ஓர் உறையிலிருந்து மற்றோர் உறைக்குக் கடன் வாங்குவதில்லை என்பது ஏற்பாடு. பஜாரில் பொருள் வாங்குவதற்கு ஐந்தாவது உறை கிடையாது. மீதமானால் வாங்குவோம் என்று முன்னரே சொல்லிவிட்டபடியால், கடைத்தெருவில் பிடிவாதம் எழவில்லை.

புறப்பட்ட நாளில் கடல் இசைந்தே இருந்தது. ஹேவ்லாக் ஜெட்டியில் கப்பல் நின்றபோது, மகள் மேல்தளத்தில் நின்று நெடுநேரம் பார்த்தாள். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அத்தீவு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவு ஷஹீத் த்வீப் என்றும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் என்றும் பெயர் பெற்றன. 1943-ஆம் ஆண்டு அதே நாளில் நேதாஜி நகரில் கொடியேற்றியதன் எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவு அது. மாலையில் பீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்கினோம். மகனுக்கு ஆட்டோ கிடைத்தது. அவனைப் பொறுத்தவரையில் பயணம் அப்போதே நிறைவேறிவிட்டது.

முதல் நாட்காலை மருத்துவரிடம் கழிந்தது. புரை முற்றவில்லை, சில திங்கள் கழித்து அறுவை செய்யலாம் என்றார். பகலில் ஓய்ந்திருந்து, பிற்பகலில் செல்லுலார் சிறைக்குச் சென்றோம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற அச்சிறை, நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கிளைகளாகப் பிரிந்தது. இன்று மூன்று கிளைகளே எஞ்சியுள்ளன. ஒரு கிளையின் முகப்பு மற்றொரு கிளையின் முதுகை நோக்குமாறு கட்டியிருப்பதால், ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தையும் காண இயலாது. தனிமையையே தண்டனையாக்கிய கட்டடம் அது. தாயாரால் படி ஏற இயலவில்லை, முற்றத்தில் அமர்ந்துகொண்டார்கள். எண்ணெய்ச் செக்கைக் கண்டு மகன் வியந்து நின்றான். கோயம்புத்தூர்ச் சிறையில் வ. உ. சிதம்பரனார் இத்தகைய செக்கை இழுத்தார் என்றும், அச்செக்கு இன்று சென்னைக் கிண்டியில் காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்றும் சொன்னோம். "மாட்டுக்குப் பதிலாக மனிதரா?" என்றான். அவனுடைய பாடப்புத்தகத்தில் இரண்டு வரிகளாக இருந்த செய்தி அந்த நிமிடத்தில் அவனுக்கு விளங்கிற்று. 1933-இலும் 1937-இலும் இங்கே அரசியற் கைதிகள் உண்ணாநோன்பு இருந்ததையும், அதன் பின்னரே அவர்கள் தாய்நாட்டுச் சிறைகளுக்கு மாற்றப்பட்டதையும் மகள் படித்துக் காட்டினாள். இரவில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. தாயார் களைத்திருந்தமையால் அதையும் மூன்றாம் பத்தியில் சேர்த்தோம்.

இரண்டாம் நாட்காலை சாத்தம் சென்றோம். சிறு பாலம் ஒன்றால் நகரோடு இணைக்கப்பட்ட தீவு அது. அங்குள்ள ஆலை 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1942 மார்ச் 10-ஆம் நாள் ஜப்பானியர் வீசிய குண்டால் உண்டான பள்ளத்தை இன்னும் காட்டுகிறார்கள். நடமாடும் இடம் முழுவதும் மரத்தூள் மணம். அறுத்து அடுக்கிய படாக் பலகைகள் செந்நிறமாய்க் கிடந்தன. தாயார் ஒரு பலகையின் அருகே நின்று, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்கள். கண் மங்கலாதலால் அவர்கள் பார்த்ததைவிடத் தொட்டறிந்ததே மிகுதி. "உங்க தாத்தா சட்டையில இந்த வாசம்தான் வரும்" என்று பேத்தியிடம் சொன்னார்கள். பிறகு யானைகளின் பெயர்களையும், மழையில் கூடாரம் ஒழுகியதையும், ஒருமுறை மரம் சாய்ந்து கூட்டாளி ஒருவர் இறந்ததையும் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். வீட்டில் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லாத கதைகள் அவை. நாங்களும் அன்றுதான் கேட்டோம்.

2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை இத்தீவுகளில் மரம் வெட்டுதலைப் பெரிதும் கட்டுப்படுத்திற்று. எங்கள் தீவிலிருந்த பிளைவுட் ஆலையும் ஓய்ந்துவிட்டது. காடு பிழைத்தது நன்றே. அந்தக் காட்டை நம்பி வந்த குடும்பங்கள் பல வேறு பிழைப்புத் தேடிப் பெயர்ந்தன. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காமல் இரண்டையும் பிள்ளைகளிடம் சொன்னோம். பிற்பகலில் கல்லூரியைக் கண்டுவந்தோம். 1967-இல் தொடங்கப்பெற்ற ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயத்தின் வாயிலில், மகள் ஒன்றும் பேசாமல் நின்றாள். ஓராண்டுக்குப் பின் தான் தனியே வரவேண்டிய இடம் என்ற எண்ணம் அவள் முகத்தில் தெரிந்தது.

மூன்றாம் நாட்காலை ராஸ் தீவு. படகில் சிறிது நேரமே செல்லவேண்டும். 1858-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்பவர் இருநூறு கைதிகளுடன் இப்பகுதிக்கு வந்தார். அக்கைதிகளைக் கொண்டு காடழித்து எழுப்பிய ராஸ், பின்னர் ஆங்கிலேயரின் தலைமையிடமாயிற்று. மாதாகோயில், ரொட்டிக் கிடங்கு, நடன மண்டபம் எல்லாம் இருந்தன. 1941 ஜூனில் பெரும் நிலநடுக்கம். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வருகை. அத்துடன் அந்த வாழ்வு முடிந்தது. இன்று சுவர்களை மரவேர்கள் தழுவிப் பிடித்திருக்கின்றன, மான்கள் மேய்கின்றன. தந்தையார் காட்டை வெட்டினார்; இங்கே காடு கட்டடத்தை வென்றிருக்கிறது. தாயார் ஒரு வேரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மரம் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்" என்றார்கள். அதற்கு மேல் நாங்கள் என்ன சொல்வது?

திரும்பும் நாளில் காற்று பலத்தது. கப்பல் மறுநாளே புறப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஜெட்டியில் பலர் கலங்கி நின்றனர். எங்களிடம் நான்காவது உறை இருந்தது. நாங்கள் விடுதிக்குத் திரும்பினோம். அப்போது மகள் மெல்லக் கேட்டாள்: "கல்லூரி வரைக்கும் நான் மட்டும் பஸ்ஸில் போய்விட்டு வரட்டுமா?" நாங்கள் தயங்கினோம். அவள் தனியே பஸ் ஏறியதே இல்லை. மழைத்தூறல் வேறு. தாயார் இடையில் புகுந்தார்கள். "பதினெட்டு வயசுல மொழி தெரியாத சனத்தோட கப்பல்ல வந்தவ நான். இவ பஸ்ஸுல போகக்கூடாதா? போயிட்டு வா தாயி" என்றார்கள்.

அவள் போனாள். சன்னலருகே நாங்கள் நின்றிருந்த ஒன்றரை மணி நேரம் மிகவும் நீண்டது. தாயாரோ நிம்மதியாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் நனைந்த குடையுடன் திரும்பினாள். எந்த பஸ், எங்கே இறங்குவது, எங்கே தேநீர் கிடைக்கும், திரும்புகையில் இந்தியில் வழி கேட்டு எப்படிச் சமாளித்தாள் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அவள் பட்டியலிலிருந்த பதினொரு இடங்களில் எதுவும் அன்று காணவில்லை. இருந்தும், பயணம் முழுவதிலும் அவள் மிகவும் மகிழ்ந்த நாள் அதுவே. 'டவுனில்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது 'நம்ம டவுனில்' என்கிறாள்.

இனிப் பயணம் வகுக்கவிருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். இடங்களின் பட்டியலை எழுதுமுன் செல்வோரின் பட்டியலை எழுதுங்கள். அவர்களில் மூத்தவரின் கால்களே பயணத்தின் அளவுகோல். ஆளுக்கொரு விருப்பத்தைக் கேளுங்கள். வயதானவர்களிடம் கேட்டபின் சற்றுப் பொறுத்திருங்கள், அவர்களுடைய விடை தாமதமாக வரும். ஒரு காலைக்கு ஓரிடம் போதும். காட்சியிடங்களுக்கு வாரவிடுமுறை நாட்கள் வெவ்வேறாக இருப்பதால், புறப்படுமுன் கேட்டறிந்து நாட்களை மாற்றி அமையுங்கள். அடையாள அட்டைகளை மறவாதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கடலுக்குரிய ஒரு நாளையும் அதற்குரிய உறையையும் ஒதுக்கிவையுங்கள். கடல் அதைக் கேட்காவிட்டால் அது உங்களுக்கு மிச்சம். கேட்டுவிட்டால் அதற்குள் உங்களுக்கும் ஏதேனும் வைத்திருக்கும்.

எங்கள் தாளின் மூன்றாம் பத்தி இப்போது முதலிரண்டு பத்திகளைவிட நீண்டிருக்கிறது. வண்டூர்க் கடற்பூங்கா, சிடியா டாப்புவின் மாலைநேரம், வைப்பர் தீவு, ஒலி ஒளிக் காட்சி, பழைய இருபது ரூபாய் நோட்டில் அச்சிட்டிருந்த கலங்கரை விளக்கம் என்று பல அதில் காத்திருக்கின்றன. தாயாரின் கண் அறுவைக்காக வரும் மாதங்களில் மீண்டும் செல்லவேண்டும். புரை நீங்கியபின் சாத்தம் ஆலையை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்று, தாயார் சொல்லாமலே, பேத்தி அதை முதற்பத்தியில் எழுதி வைத்திருக்கிறாள்.